சைக்கிள் கடைக்காரர் காசு வாங்க மாட்டார்

"முதல்ல அதைப் பைக்குள்ள வை. யாராவது பாத்துத் தொலைக்கப் போறாங்க" என்றார் சைக்கிள் கடைக்காரர்.

ஏசி மெக்கானிக் நீட்டிய உறை நீட்டியபடியே நின்றது. உள்ளே நாற்பதாயிரம். பன்னிரண்டு வருடங்களுக்கு முன் வெளிநாட்டு வேலைக்கு விமான டிக்கெட் எடுக்க, இதே கடையில் உட்கார்ந்து வாங்கிய பணம். போன இடத்தில் முதல் இரண்டு வருடம் சம்பளம் ஒழுங்காக வரவில்லை. பிறகு வந்தது. ஆனால் இத்தனை நாள் கழித்து எந்த முகத்தோடு அனுப்புவது என்கிற வெட்கமும் சேர்ந்து வந்தது. அந்த வெட்கம் வருடா வருடம் பெருகியதே தவிர, பணம் போய்ச் சேரவில்லை.

"தப்பு என்மேலதாண்ணே. திட்டணும்னா திட்டிட்டு வாங்கிக்கங்க."

"நான் உன்னைக் கேட்டேனா?"

"கேக்கலை."

"அப்புறம் என்ன? வந்தியா, நல்லா இருக்கியா, சந்தோஷம். போய்ட்டு வா."

"சரி, பணம் வேண்டாம்னா 'பாக்கி ஒண்ணும் இல்லை'ன்னு ஒரு வரி எழுதியாவது குடுங்கண்ணே."

சைக்கிள் கடைக்காரரின் முகம் காற்று இறங்கிய ட்யூப் போல ஆனது. "எழுத்துலயா? ஐயையோ, அதெல்லாம் வேண்டாம்ப்பா!"

மெக்கானிக்குக்கு அந்த ஒரு வரி வேண்டியிருந்தது. மருந்துக்கடைக்காரரின் கட்டடத்தில் ஓர் அறை காலி. கடை போட அதைவிட நல்ல இடம் கிடையாது. எதிரிலும் பக்கத்திலுமாக ஏசி மாட்டிய நான்கு கட்டடங்கள். ஆனால் மருந்துக்கடைக்காரர் ஒரேயடியாகச் சொல்லிவிட்டார். "நீங்க கடன் வாங்கிட்டுக் கம்பி நீட்டினவர்னு தெருவுல பேரு. சைக்கிள் கடைக்காரர் கையெழுத்துப் போட்டு, பணம் வந்துடுச்சுன்னு எழுத்துல குடுக்கட்டும். வெள்ளிக்கிழமைக்குள்ள கொண்டாங்க. இல்லேன்னா ஜெராக்ஸ் கடைக்கு விட்டுடுவேன்."

கடனுக்கு எடுத்துவைத்தது போக, வெளிநாட்டுச் சேமிப்பு முழுவதும் ஏசி கேஸ் சிலிண்டராகவும் பம்ப்பாகவும் மாறிப் படுக்கையறையில் நின்றுகொண்டிருந்தது. மருந்துக்கடைக் கட்டடத்து அறை கிடைக்கவில்லை என்றால் பன்னிரண்டு வருட உழைப்பைக் கட்டிலுக்கடியில் தள்ளிவைத்துவிட்டு மறுபடி விமானம் ஏற வேண்டியதுதான்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். சந்தேகப்படுவதில் அவருக்கு மனைவிதான் குரு.

"குடுத்த காசை வேண்டாம்னு சொல்ற மனுஷன் உலகத்துல உண்டாங்க? வட்டியை எதிர்பாக்கறாரு."

"வாய் விட்டுக் கேக்கலாமே?"

"கேட்டா கெட்ட பேரு. நீங்களா குடுத்தா பெரிய மனுஷன். அந்தக் கணக்கு."

மறுநாள் உறையில் ஐம்பதாயிரம் இருந்தது. போகிற வழியில் டெய்லர் மெஷினை நிறுத்திவிட்டு வாசலுக்கே வந்தார்.

"என்ன அண்ணே, சைக்கிள் கடைக்கா? குடுத்தாச்சா?"

"எதை?"

"சும்மா கேட்டேன். நல்லபடியா குடுத்துட்டு வாங்க. வரும்போது ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க."

மெக்கானிக்குக்குச் சுருக்கென்றது. என் கடனைப் பற்றி இவருக்கு என்ன இவ்வளவு அக்கறை? யோசித்தால், ஊர் வந்து இறங்கிய அன்றைக்கே ஐந்து பேர் ஓடி வந்து பெட்டியைத் தூக்கினார்கள். பால்காரர் தினமும் பாலோடு சேர்த்து, "சைக்கிள் கடைப்பக்கம் போனீங்களா?" என்று கேட்டு ஊற்றுகிறார். ஏதோ நடக்கிறது.

சைக்கிள் கடையில் உறையைப் பிரித்துக் காட்டினார். "வட்டியோட ஐம்பதுண்ணே."

சைக்கிள் கடைக்காரருக்கு அழுகையே வந்துவிட்டது. "அசலையே வேண்டாங்கறேன், வட்டியோட வந்து நிக்கறியே! உனக்கு நான் என்ன துரோகம் பண்ணினேன்?" என்று சொல்லிவிட்டு, பட்டப்பகலில் ஷட்டரை இழுத்து மூடிக்கொண்டார்.

"அப்ப அவரு கண்ணு நம்ம வீட்டு மேலதான்" என்று தீர்ப்பளித்தார் மனைவி. "இப்ப வாங்க மாட்டாரு. பாக்கியை வளர விட்டு, நாளைக்குக் கோர்ட்ல போய் ரெண்டு லட்சம்பாரு. எப்படியாவது பணத்தை அவர் தலையில கட்டிட்டு வாங்க."

புதன்கிழமை மதியம், சைக்கிள் கடைக்காரர் சாப்பிடப் போயிருந்த நேரமாகப் பார்த்து, மெக்கானிக் மூடிய ஷட்டருக்கு அடியில் உறையைத் தள்ளினார். பணத்தைத் திருடப் போகிறவன்கூட அப்படி வியர்த்திருக்க மாட்டான். தள்ளிவிட்டு நிமிர்ந்தால், எதிர்த் திண்டில் டெய்லர் வெற்றிப் புன்னகையோடு உட்கார்ந்திருந்தார். மெக்கானிக் திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

மாலை தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது ஜன்னல் வழியாக ஏதோ வந்து கட்டிலில் விழுந்தது. அதே உறை.

மனைவி எண்ணினார். ஐந்நூறு ரூபாய்த் தாள்கள் நூறு இருக்க வேண்டும். நூற்றொன்று இருந்தது.

"என்னங்க, போன காசு குட்டி போட்டுட்டு வந்திருக்கு!"

உள்ளே ஒரு துண்டுச்சீட்டு: 'தம்பி, ஒரு ரெண்டு மாசம் எங்கேயாவது போய் இருந்துட்டு வா. பஸ் செலவுக்கு ஐந்நூறு வெச்சிருக்கேன்.'

மெக்கானிக் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நம்மள வெளியூருக்கு அனுப்பிட்டு வீட்டுல பூந்துக்கப் பாக்கறாரா?"

"நோட்டை எல்லாம் கள்ள நோட்டா மாத்திட்டாரோ என்னவோ!"

வியாழக்கிழமை காலை வங்கிக்குப் போய் நூற்றொரு தாள்களையும் மெஷினில் விட்டுப் பார்க்கச் சொன்னார். எல்லாம் நல்ல நோட்டு. காசாளர்தான் அவரை மேலும் கீழும் பார்த்தார். "யார் குடுத்த பணம் சார்?"

"நான் குடுத்தது."

"யாருகிட்ட இருந்து வந்துச்சு?"

"நான் குடுத்தவர்கிட்ட இருந்து."

காசாளர் மேனேஜர் அறைப்பக்கம் எழுந்து போனதும், மெக்கானிக் பணத்தை அள்ளிக்கொண்டு வாசலுக்கு ஓடினார்.

இருந்தது ஒரே நாள். ஓடிய வேகத்தில் நேராகச் சைக்கிள் கடைக்குள் போய் நின்றார்.

"அண்ணே, இத்தனை வருஷம் உங்க காசை நினைச்சு நான் நிம்மதியாத் தூங்கினதில்லை. வாங்க மாட்டீங்கன்னா போங்க. நாளைக்குக் காலைல நடுத்தெருவுல நின்னு, தெருவையே கூப்பிட்டு வெச்சு, ஒவ்வொரு நோட்டா எண்ணி உங்க கையில திணிக்கப் போறேன்!"

சைக்கிள் கடைக்காரர் கையிலிருந்த ஸ்பானர் கீழே விழுந்தது.

"கத்தாதேடா! எழுதித் தர்றேன். கத்தாதே!"

காசை எண்ணாமலே பெட்டியில் போட்டார். ஒரு தாளைக் கிழித்து எழுதினார். மெக்கானிக் தேதி, கையெழுத்து, தொகை எல்லாவற்றையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். ஒரு குறையும் இல்லை. அதுவே சந்தேகமாக இருந்தது.

"இதை யாருகிட்டயும் காட்டாதே தம்பி. பீரோவுல வெச்சுப் பூட்டிடு. சத்தியம் பண்ணு."

"சரிண்ணே" என்று வாய் சொன்னது. கால்கள் மருந்துக்கடைக்கு ஓடின.

மருந்துக்கடைக்காரர் ஒரு வாடிக்கையாளருக்கு மாத்திரைப் பட்டையைக் கத்தரித்துக்கொண்டிருந்தார். கடிதத்தைப் பார்த்ததும் கத்தரியைப் பாதியிலேயே விட்டுவிட்டார். ஒருமுறை படித்தார். விளக்குக்கு நேராகப் பிடித்து மறுபடி படித்தார்.

"இது அவன் கையெழுத்துதானே? பணம் அவன் கைக்குப் போயிடுச்சுதானே?"

"போயிடுச்சு சார். ஏன், ஏதாவது தப்பா இருக்கா?"

மருந்துக்கடைக்காரர் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, செருப்பை மாட்டி, தெருவில் இறங்கி, "டெய்லர்! பால்காரரைக் கூட்டிட்டு ஓடி வாய்யா! எல்லாரையும் வரச் சொல்லு!" என்று கூவினார். கதவுகள் படபடவென்று திறந்தன. தன்னை அடிக்கத்தான் ஆள் சேர்க்கிறார் என்று நினைத்து மெக்கானிக் கவுன்ட்டருக்குப் பின்னால் ஒதுங்கினார். ஆனால் கூட்டம் அவரைத் தாண்டிச் சைக்கிள் கடைப்பக்கம் திரும்பியது.

"சார்... அறைச் சாவி?" என்றார் ஈனஸ்வரத்தில்.

"கல்லாவுல இருக்கு, எடுத்துக்கங்க, முதல் மாச வாடகைகூட வேண்டாம்!" என்று ஓடிக்கொண்டே கத்தினார் மருந்துக்கடைக்காரர். "'வெளிநாடு போனவன் வந்து என் காசைக் குடுக்கட்டும், மறுநிமிஷம் உங்க காசைக் குடுத்துடறேன்'னு அந்த ஆளு எங்க பதினோரு பேருக்கும் பன்னெண்டு வருஷமா சொல்லிட்டிருக்கான்யா!"