புகாரே இல்லாத தெரு

“முப்பது நாளா குழாயில காத்துதான் வருது. நாங்க சொன்னதையெல்லாம் எழுதினீங்களா, இல்ல சமையல் குறிப்புக்கு நடுவுல சொருகிட்டீங்களாக்கா?”

எதிர்வீட்டுத் தையற்காரி கேட்டதை ஒரு வார்த்தை குறையாமல் குடிநீர் அலுவலக எழுத்தரிடம் ஒப்பித்தாள் கான்வென்ட்டம்மா. “எழுதினேன் சார். அறுபத்திரண்டு புகார். அத்தனையும் எக்செல்ல!”

தெருவில் கான்வென்ட்டில் படித்தவளும் கம்ப்யூட்டர் தெரிந்தவளும் அவள் ஒருத்திதான். அதை அவளே சொல்லிச் சொல்லித்தான் தெருவுக்குக் கான்வென்ட்டம்மா என்ற பெயரே வாயில் வந்தது. தெருவின் புகார்ப் பட்டியலை, அதுவரை எழுதிவந்த கணவரிடமிருந்து பிடுங்கியதும் அந்தத் தெம்பில்தான். அவருக்கு நாட்காட்டியைப் பார்த்துத் தேதி எழுதும் வியாதி. அந்தப் பொறுமையெல்லாம் இவளுக்குக் கிடையாது.

விதி மிக எளியது. ஒன்றாம் தேதி முதல் முப்பதாம் தேதிக்குள் ஐம்பது புகார் சேர்ந்தால் புதுக்குழாய். எழுத்தர் இரண்டு தேதிகளையும் தட்டி, பயபக்தியோடு பொத்தானை அழுத்தினார்.

“பூஜ்யம்.”

“என்னது? கண்ணு முன்னால வரிசையா நிக்குதே!”

“நிக்குதும்மா. தேதிக் கட்டத்துல என்ன போட்டிருக்கீங்க, நீங்களே படிங்க.”

படித்தாள். ‘நேத்து.’ ‘இன்னிக்குக் காலைல.’ ‘மறுபடியும் இன்னிக்கு.’ ‘நாத்தனார் கிளம்பின மறுநாள்.’

“நாத்தனார் என்னிக்குக் கிளம்பினாங்கன்னு தெருவுக்கே தெரியும் சார்!”

“கம்ப்யூட்டருக்குத் தெரியலையேம்மா.”

“அஞ்சு நிமிஷம் குடுங்க, திருத்திடறேன்.”

“எண்ணி முடிச்சதைத் திருத்தினா ஆவண மோசடி.” எழுத்தரின் முகம் திடீரென்று மலர்ந்தது. “ஆனா ஒண்ணு. நகரத்துலயே பூஜ்யம் புகார் உங்க தெருதான். வாழ்த்துகள்!”

மறுவாரம் அதிகாரி கேடயத்தோடு வந்து இறங்கினார். ‘தங்குதடையற்ற குடிநீர் பெற்றுவரும் முன்மாதிரித் தெரு’ என்று பொன்னெழுத்து. அதன் கீழே, ‘பட்டியலைச் செம்மையாகப் பராமரித்தவர்’ என்று கான்வென்ட்டம்மாவின் பெயர். மூஞ்சியில் அடித்தாற்போல வேண்டாம் என்று சொல்லத்தான் அவள் வந்திருந்தாள். தன் பெயரில் எழுத்துப் பிழை இல்லை என்று கண்டதும் மனசு இளகிவிட்டது.

வாரம் முழுக்க அவளைக் கிழிகிழியென்று கிழித்த தையற்காரி முன்வரிசையில் இடம்பிடித்திருந்தாள். முகம் கழுவத் தண்ணீரில்லாத தெரு, வெறும் பவுடரை அப்பிக்கொண்டு புகைப்படத்துக்கு முண்டியடித்தது. கான்வென்ட்டம்மா கால்மணி நேரம் ஆங்கிலத்தில் நன்றியுரை ஆற்றினாள். கைதட்டல் ஓயவே இல்லை.

பேசி முடித்ததும் தொண்டை வறண்டு நாக்கு ஒட்டிக்கொண்டது. எல்லோரும் படத்தில் தங்கள் முகம் விழுந்திருக்கிறதா என்று கைபேசியில் தேடிக்கொண்டிருந்தார்கள்.

“யாராவது குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடுங்களேன்” என்றாள்.

கொஞ்சம் சத்தமாகவே, இன்னொரு தரமும் கேட்டாள்.