கசோண்டே வீட்டு சர்வருக்கு எஜமான் யார்?

"இந்தச் சனிக்கிழமை என் வீட்டுக் கூடத்துல என் சொல்தான் செல்லும்!" என்று கசோண்டே சபதம் போட்டான். சபதம் போட்ட இடம் லுசாகா நகரத்தின் சிலெஞ்சே பேட்டையில் இருக்கிற ஒரு முடிதிருத்தகம். தலையில் ஒரு பக்கம் முடி வெட்டியாகிவிட்டது, மறுபக்கம் அப்படியே இருந்தது. பாதித் தலையோடு போடுகிற சபதத்துக்கு என்ன மரியாதை உண்டோ அதைத்தான் பக்கத்து நாற்காலிக்காரன் சகாலா கொடுத்தான்.

"மச்சான், உன் வீட்டு டி.வி. ரிமோட்டை நீ கடைசியா எப்ப தொட்டே?"

"போன வாரம்."

"பேட்டரி மாத்தத்தானே?"

கடை முழுக்கச் சிரித்தது. சகாலா ங்கோனி இனம், கசோண்டே பெம்பா இனம். லுசாகாவில் இந்த ரெண்டு கூட்டத்துக்கும் கேலி முறை. என்ன வாரினாலும் கோபப்படக் கூடாது. கசோண்டே பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்து வைத்தான்.

"எலி வறுத்துத் தின்கிறவனே, கேட்டுக்கோ. சனிக்கிழமை ஊரே இருட்டா இருந்தாலும் என் கூடத்துல டி.வி. ஓடும். காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் ஃபுட்பால். நீ வா. பாண்டாவையும் டெம்போவையும் கூட்டிக்கிட்டு வா. மும்பி வாயே திறக்க மாட்டா."

"வாயைத் திறக்காமலே உன்னை முடிச்சுடுவாளே, அதான் பயம்" என்றான் சகாலா.

கசோண்டேயின் இத்தனை தெம்புக்கும் காரணம் ஒரு பெட்டி. ஏதோ ஓர் அலுவலகம் கழித்துக் கட்டிய கம்ப்யூட்டர். கம்வாலா சந்தையில் பேரம் பேசித் தூக்கி வந்து, தூசி தட்டி, டி.வி.க்குப் பக்கத்தில் குடிவைத்து, சர்வர் என்று பெயரும் சூட்டினான். வருஷக்கணக்காகச் சேர்த்த ஆட்டங்கள், படங்கள், குடும்பப் போட்டோக்கள் எல்லாம் அதற்குள். கூடத்து டி.வி.யிலும் பார்க்கலாம், படுத்துக்கொண்டே போனிலும் பார்க்கலாம். போனில் எடுக்கிற போட்டோ தானாகவே போய் அதில் உட்கார்ந்துகொள்ளும். "சர்வர்னா பரிமாறுறவன்னுதானே அர்த்தம்? ஒரு நாளாவது எனக்கு ஒரு தட்டு பரிமாறியிருக்கா?" என்று மும்பி கேட்டாள். கசோண்டே அதைப் பொருட்படுத்தவில்லை. விஞ்ஞானிகளுக்கு வீட்டில் மரியாதை கிடையாது என்பது அவனுக்குத் தெரியும்.

ஆனால் பெட்டிக்கு ரெண்டு வியாதி. ஒன்று, வயிறு நிறைந்துவிட்டது. ஒரு புது ஆட்டம் உள்ளே வர வேண்டுமென்றால் ஒரு பழைய ஆட்டம் வெளியே போக வேண்டும். ரெண்டாவது, கரண்ட் போனால் பெட்டியும் போய்விடும். லுசாகாவில் கரண்ட் போவது செய்தியில்லை, வருவதுதான் செய்தி. ஆகவே ரெண்டு பெரிய டிஸ்க் வேண்டும், ஒரு தடியான பேட்டரி வேண்டும். இவை வேண்டுமென்றால் மும்பி மனசு வைக்க வேண்டும்.

மும்பி சாதாரண ஆள் இல்லை. அவள் ஒரு நாச்சிம்பூசா. கல்யாணத்துக்கு முன்னால் பெண்கள் மட்டும் கூடி, பறையடித்து ஆடிப்பாடி, குடித்தனம் நடத்துவது எப்படி, புருஷனை மதிப்பது எப்படி என்று மணப்பெண்ணுக்குச் சொல்லிக்கொடுப்பார்களே, அந்தப் பாடத்துக்கு வாத்தியாரம்மா. சிலெஞ்சேயில் பாதிக் குடும்பம் அவள் பாடத்தில் நடக்கிறது. அந்தப் பக்கம் ஆண்பிள்ளை தலையைக் காட்டக் கூடாது. புருஷனை மதிக்கிற பாடத்தை இதுவரை எந்தப் புருஷனும் கேட்டதில்லை, அதனால் எல்லாப் புருஷன்களும் அதை நம்புகிறார்கள்.

அன்று சாயங்காலம் மும்பி அடுப்படியில் ன்ஷிமா என்கிற சோளமாவுக் களியைக் கிளறிக்கொண்டிருந்தாள். கசோண்டே முகத்தைத் துக்க வீட்டுக்குப் போகிறவன் போல் வைத்துக்கொண்டு போய் நின்றான்.

"மும்பி, மனசைத் திடப்படுத்திக்கோ."

"யாரு போயிட்டா?"

"இன்னும் போகலை. டிஸ்க்கு எந்த நிமிஷமும் போகலாம். போச்சுன்னா நம்ம லுகுண்டோ நடக்கப் பழகினது, உங்கம்மா ஞானஸ்நானம், நம்ம கல்யாணம், எல்லாம் ஒரே நொடியில பஸ்பம்."

மும்பியின் கை ஒரு கணம் நின்றது. கசோண்டேக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. விழுந்துவிட்டாள்!

"அப்ப போன்ல மட்டும் வச்சிருந்தா?"

"போன் ஒரு நாள் தண்ணியில விழும். இல்லைன்னா பஸ்ல எவனாவது அடிச்சுடுவான். எங்க சாஸ்திரத்துல ஒரே பிரதி வச்சிருக்கிறவனும் ஒண்ணுமே இல்லாதவனும் ஒண்ணு. ரெண்டு டிஸ்க் போட்டா ஒண்ணு செத்தாலும் இன்னொண்ணு காப்பாத்தும்."

"சரி, உள்ள வச்சதை வேற யாரும் பார்த்துட மாட்டாங்களா?"

அட, கேள்வி கேட்கிறாளே! கசோண்டே நெஞ்சை நிமிர்த்தினான். "ஈ, எறும்பு நுழையாது. எஜமான்னு ஒரே ஒருத்தர். அவர் கையிலதான் பெரிய பாஸ்வேர்ட். யாரு எதைப் பார்க்கலாம், எதைப் பார்க்கக் கூடாதுன்னு அவர்தான் முடிவு பண்ணுவார்."

"அவர் வேண்டாம்னா?"

"கடவுளே வந்தாலும் வெளியதான் நிக்கணும்."

மும்பி மாவை ரெண்டு சுற்றுக் கிளறினாள். "சரி லுகுண்டோ அப்பா. வாங்கிடலாம். பேட்டரியும் நல்லதா பாருங்க."

இவ்வளவு சுலபமாக மும்பி எதற்கும் சரி சொன்னதில்லை. அங்கேயே அவன் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். ஜெயித்த மயக்கத்தில் இருக்கிறவனுக்கு சந்தேகம் எங்கிருந்து வரும்? ன்ஷிமாவை ரெண்டு கட்டி கூடுதலாகச் சாப்பிட்டுவிட்டு, சகாலாவுக்குப் போன் போட்டு ஆண்மையைப் பற்றி ஒரு சொற்பொழிவே ஆற்றினான்.

புதன்கிழமை டிஸ்க்குகள் வந்தன, பேட்டரி வந்தது. வியாழக்கிழமை திருப்புளியும் கையுமாகப் பெட்டியைத் திறந்து, மாட்டி, மூடி, பழையதையெல்லாம் புதியதில் ஏற்றினான். வேண்டுமென்றே மெயினை அணைத்துப் பார்த்தான். பேட்டரி 'கிர்' என்று உறுமிப் பெட்டியைத் தாங்கிக்கொண்டது, டி.வி.யையும் தாங்கியது. கசோண்டே தனக்குத் தானே கைகுலுக்கிக்கொள்ளாத குறை.

வெள்ளிக்கிழமை மும்பி ஒரு துணிப்பை நிறைய போன்களும் மெமரி கார்டுகளுமாக வந்து நின்றாள்.

"என்ன இது?"

"எங்க பாட வீடியோ. பத்து வருஷத்துது. ஒரே பிரதி வச்சிருக்கிறவனும் ஒண்ணுமில்லாதவனும் ஒண்ணுன்னு நீங்க சொன்னதை எங்க கூட்டத்துல சொன்னேன். ஒவ்வொருத்தியும் நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டா. உடனே சீட்டுப் பணத்தை எடுத்துட்டாங்க. டிஸ்க்கும் பேட்டரியும் எங்க வாத்தியாரம்மாக்கள் வாங்கினது."

"ஓ!" என்றான் கசோண்டே. "பரவாயில்லை, கொண்டா. ஏத்திடறேன்."

"ஐயையோ, கையை எடுங்க! ஆம்பளை தொடற வஸ்துவா இது? சகாலா பொண்டாட்டிக்குத் தெரிஞ்சா ஊரைக் கூட்டிடுவா. நீங்க திரும்பி நின்னுக்கிட்டு சொல்லுங்க. நான் பண்றேன்."

கசோண்டே சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றான். காலண்டரில் இருந்த மாடு அவனைப் பரிதாபமாகப் பார்த்தது.

"கார்டைச் சொருகிட்டியா? இப்ப என்ன தெரியுது?"

"ஒரு பொண்ணு இடுப்பை..."

"சொல்லாதே! சொல்லாதே! பெட்டி என்ன சொல்லுதுன்னு மட்டும் சொல்லு!"

எங்கேயோ கை பட்டுவிட்டது. பறைச் சத்தமும் குலவையும் கூடம் அதிரக் கிளம்பின. கசோண்டே ரெண்டு காதையும் பொத்திக்கொண்டு, போதாததற்குக் கண்ணையும் மூடிக்கொண்டான். ஒழுக்கமான குடும்பத்தில் பிறந்தவன்.

சத்தம் அடங்கியதும் மும்பி மெதுவாகக் கேட்டாள். "ஒரு சந்தேகம். அந்த எஜமான் எல்லாத்தையும் பார்க்கலாம்னு சொன்னீங்களே. இதையும் பார்க்கலாமா?"

"பார்க்கலாம்தான். ஆனா நான் பார்ப்பேனா?"

"நான் உங்களை நம்பறேன். நீங்க தங்கம். ஆனா எங்க கூட்டத்துல இருக்கிற முப்பது பேருக்கும் நீங்க ஆம்பளை மட்டும்தானே?"

"உங்க வீடியோவுக்குத் தனியா ஒரு பூட்டுப் போட்டுடலாமே?"

"பூட்டுப் போடறது யாரு?"

"நான்."

"சாவி செய்யறவன் கையில இன்னொரு சாவி இருக்காதான்னு கேட்பாங்களே, என்ன சொல்ல?"

சுவரைப் பார்த்துக்கொண்டு வாதாடுவது எவ்வளவு கஷ்டம் என்று வாதாடிப் பார்த்தவனுக்குத்தான் தெரியும். கசோண்டே யோசித்தான். மறுத்தால் பெண்கள் பாடத்தை எட்டிப் பார்க்க ஆசைப்பட்டவன் என்று பெயர் வரும். அந்தப் பெயரோடு சிலெஞ்சேயில் தக்காளிகூட வாங்க முடியாது. ஒப்புக்கொண்டால் என்ன, தன் பெண்டாட்டிதானே? கேட்டால் தராமலா போய்விடுவாள்? பெரிய பாஸ்வேர்டை மாற்றுவது எப்படி என்று, காலண்டர் மாட்டின் முகத்தைப் பார்த்தபடி, ஒவ்வொரு படியாக அவனே சொல்லிக்கொடுத்தான். மும்பி நீளமாக ஏதோ தட்டினாள். ரொம்ப நேரம் தட்டினாள்.

"இப்ப திரும்பலாம்" என்றாள்.

சனிக்கிழமை விடிந்ததுமே கரண்ட் போனது. தெரு செத்துக் கிடந்தது. சகாலா, பாண்டா, டெம்போ மூவரும் அந்த ஊர் நொறுக்குத் தீனியான வறுத்த புழுப் பொட்டலமும் நிலக்கடலையுமாக வந்து சோபாவை ஆக்கிரமித்தார்கள். கசோண்டே டி.வி.யைப் போட்டான். பளிச்சென்று வந்தது.

"அடேயப்பா!" என்றான் டெம்போ.

"சொன்னேனா இல்லையா?" என்றான் கசோண்டே. சகாலாவே எழுந்து வந்து பெட்டியைத் தொட்டுப் பார்த்தான். அந்த அரை நிமிஷத்துக்காகவே இத்தனை பாடும் பட்டிருக்கலாம் என்று கசோண்டேக்குத் தோன்றியது.

"மும்பி! அந்தப் பாஸ்வேர்டைக் கொஞ்சம் போட்டுட்டுப் போயேன்!" என்று எஜமான் குரலில் கூப்பிட்டான்.

"எதுக்கு? உங்களுக்குன்னு தனியா ஒரு கணக்கு ஆரம்பிச்சிருக்கேன்" என்று அடுப்படியிலிருந்து பதில் வந்தது. "உங்க பேரை அழுத்துங்க, பாஸ்வேர்டே வேண்டாம்."

"பார்த்தியா மரியாதையை?" என்று சகாலாவிடம் சொல்லிவிட்டு, கசோண்டே தன் பேரை அழுத்தினான்.

திரை முழுக்க முயல்கள். ஒரு யானைக்குட்டி. தொப்பி போட்ட வாத்து ஒன்று.

"மும்பி! என் ஆட்டமெல்லாம் எங்கே?"

மும்பி கரண்டியோடு வாசற்படியில் வந்து நின்றாள். முகத்தில் அவ்வளவு பணிவு. "பத்திரமா இருக்கு லுகுண்டோ அப்பா, பெரியவங்க பகுதியில. அதுக்குப் பக்கத்துலயே எங்க வீடியோவும் இருக்கே? கை தவறிப் பட்டுட்டா உங்க பேரு என்ன ஆகறது? உங்க கௌரவம் எனக்கு முக்கியம் இல்லையா? அதான் காலையில லுகுண்டோ போன்ல பார்த்துக்கிட்டிருந்துச்சே, அந்தக் குழந்தைங்க பகுதியிலயே உங்களையும் சேர்த்துட்டேன். வாங்க அண்ணே, சாப்பிட்டுட்டுத்தான் போகணும்." சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

சகாலா என்ன சொல்லப் போகிறானோ என்று கசோண்டே பயந்துகொண்டே இருந்தான். சகாலா ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தான். ஒரு வீட்டிலும் டி.வி. சத்தம் இல்லை. ஒரு புழுவை வாயில் போட்டு மென்றுகொண்டே சொன்னான்:

"சரி விடு மச்சான். அந்த முயல் படத்தைத்தான் போடேன்."

கசோண்டே முயலை அழுத்தினான். நாற்பது தாண்டிய நாலு ஆண்பிள்ளைகளும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். திரையில் எழுத்து வந்தது: "இன்றைய நேரம் முடிந்தது. வீட்டில் பெரியவர் யாரையாவது கூப்பிடவும்."