குடலோடு ஓர் ஊடல்

டாக்டரே, நன்றாக இருந்த குடித்தனத்தில் கொள்ளி வைத்தது நீங்கள்தான்!

பழைய சாமான் கடைக்காரர் உங்களிடம் வந்தது வயிற்று வலிக்கு. தலைவலி மாத்திரையைக் கடலை மாதிரி மென்றதில் சிறுகுடலின் உள்தோல் புண்ணாகியிருந்தது. மருந்து எழுதி அனுப்ப வேண்டியதுதானே? அவர் மனைவிக்கு எதற்குக் குடலைப் பற்றிப் பாடம் நடத்தினீர்கள்?

அன்றிலிருந்து வீட்டில் மனிதருக்கு மதிப்பில்லை. குடலுக்குத்தான்.

"என்னங்க, ராத்திரி குடல் தூங்குச்சா?"

"நான் தூங்கல. அதைக் கேளேன்!"

"கத்தாதீங்க, அது பயந்துக்கும். பாவம், அதோட உள்தோல் குழிக்குள்ள பொறந்து, மெல்ல மேல ஏறி, உச்சிக்கு வந்ததும் உதிர்ந்துடுதாம். நாலஞ்சு நாள்தான் ஆயுசு. அதுக்குள்ள அடியிலேர்ந்து புதுசு வந்துடுதாம். விரல் விரலா நீட்டிக்கிட்டு நிக்குமே, அதுக்குப் பேரு வில்லியாம்."

"பேரே சொல்லுதே!"

"உங்க உடம்புலயே இளசு அதுதான்."

"அப்ப நான்?"

"நீங்க பழைய சாமான்."

அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெளி ஆள் என்றால் சட்டையைப் பிடிக்கலாம். இந்தப் பயல் சட்டைக்குள்ளேயே இருக்கிறான்! அடித்து விரட்டினாலும் அடுத்த வாரம் புதிதாகப் பிறந்து வருவான்! அவள் கஞ்சியை ஊதி ஊதி ஆற்றுவது அவனுக்கு. வாய் மட்டும் இவருடையது.

உண்மையில் வலி எப்போதோ நின்றுவிட்டது. ஓய்வின் சுகத்தில் அதை வெளியே சொல்லாமல் கட்டிலில் கிடந்தார். இனிமேல் பொறுக்க முடியாது. விறுவிறுவென்று சமையலறைக்குள் போனார்.

"குடல் முழுசா ஆறிடுச்சு. அதைக் கொஞ்சினது போதும். இனிமே என்னைக் கவனி!"

"நெசமாவா?"

"சத்தியமா! ஒரு கீறல் இல்ல."

"அப்பாடா!" அடுப்பை அணைத்தாள். துடைப்பத்தை அவர் கையில் திணித்தாள். "ஆறிடுச்சுன்னு உங்க வாயாலயே வரட்டும்னுதான் குடலைக் கொஞ்சிக்கிட்டிருந்தேன். ஏறுங்க பரணுக்கு, ஒட்டடை அடிக்கணும்."

ஏணியின் பாதியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயோ, வலிக்குதுடி! அதே பழைய இடம்!"

"பழைய இடம் ஏதுங்க? அதெல்லாம் உதிர்ந்து போயாச்சு. இப்ப இருக்கறது புதுசு. அதுக்கு உங்க பழைய வலியெல்லாம் தெரியாது. ஏறுங்க!"

டாக்டரே, மூட்டிவிட்டது நீங்கள். நீங்களேதான் அணைக்க வேண்டும். இப்போதே அந்த அம்மாவுக்குப் போன் போடுங்கள். ஒரு மாதம் ஓய்வு வேண்டும் என்று சொல்லுங்கள். கட்டாதா? சரி, ஒரு வாரம். அதுவும் முடியாதா? போகட்டும், அவர் ஏணியிலிருந்து இறங்கும் வரைக்குமாவது!