கண் மூடாத பெஞ்சு

குடும்பத்தோடு வெளியே போகிறவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? எல்லோரும் முன்னோக்கி நடப்பார்கள். ஒருவர் மட்டும் பின்னோக்கி நடப்பார். கழுத்தில் கேமரா தொங்கும், ஒரு கண் சுருங்கியிருக்கும், முதுகுக்குப் பின்னால் பள்ளம் வருகிறதா மாடு வருகிறதா என்ற கவலை கொஞ்சமும் இருக்காது, கை மட்டும் காற்றில் ஆட்களை இடப்பக்கமும் வலப்பக்கமும் தள்ளிக்கொண்டிருக்கும். வாய் "ஒரே நிமிஷம்" என்று சொல்லும். அந்த ஒரு நிமிஷத்தில் கட்டி வந்த இட்லி காய்ந்துவிடும், குழந்தை அழுது ஓய்ந்துவிடும், பெரியவர்களுக்கு மாத்திரை நேரம் வந்துவிடும். குடும்பப் புகைப்படக்காரர் என்னும் இந்த இனம் வீட்டுக்கு ஒன்று வீதம் நாடெங்கும் பரவியிருக்கிறது. ஏரிக்கரை, பூங்கா போன்ற இடங்களில் காலை வேளையில் எளிதாகப் பார்க்கலாம்.

அம்பத்தூர் ரவிச்சந்திரன் இதில் உயர்ந்த ரகம்.

அவருக்குப் பக்கத்து ஊரான பாடியில் வேலை. வாகன உதிரிபாகம் செய்கிற ஒரு தொழிற்சாலையில் இருபத்தாறு வருஷமாகத் தர ஆய்வாளர். அவர் மேசையில் இரண்டு கூடைகள் உண்டு. தேறியது பச்சைக் கூடைக்குப் போகும், தேறாதது சிவப்புக் கூடைக்குப் போகும். தேறாத சரக்கு தவறிக்கூடத் தேறிய சரக்கோடு கலந்துவிடக் கூடாது என்பது அங்கே சட்டம். நல்ல சட்டம்தான். அதை ஆலை வாசலிலேயே இறக்கி வைத்துவிட்டு வீட்டுக்கு வரத் தெரியவில்லை என்பதைத் தவிர மனிதரிடம் வேறு குறை சொல்ல முடியாது. குழம்பில் உப்புக் கூடினால்கூட ஒன்றும் சொல்லாமல் சாப்பிடுவார்.

சென்னைக்கு ஏது வசந்தம் என்று கேட்பீர்கள். உண்டு. மாசி முடிந்து பங்குனி பிறக்கும்போது, பனியும் விலகி வெயிலும் இன்னும் முழுதாக வந்து சேராமல், புங்கமரங்கள் பழைய இலையைக் கொட்டிவிட்டுப் பளபளவென்று தளிர்விட்டு நிற்கிற பத்துப் பன்னிரண்டு நாட்கள்தான் அது. அதிலும் காலை ஆறரையிலிருந்து எட்டேகால் வரை மட்டும். எட்டேகாலுக்குக் கோடை தொடங்கிவிடும். இந்தக் கணக்கைக் கண்டுபிடித்தவர் ரவிச்சந்திரன். ஆண்டுதோறும் பங்குனி முதல் ஞாயிறு அன்று மனைவி கமலம், மகன் அபிஷேக், மகள் வர்ஷா மூவரையும் தூக்கக் கலக்கத்தோடு காரில் ஏற்றிக்கொண்டு பாரிவாக்கம் ஏரிக்கரைக்குப் போவார். அங்கே ஒரு புங்கமரம் இருக்கிறது. மரத்தடியில் நால்வர் உட்காரும்படி ஒரு சிமெண்ட் பெஞ்சு இருக்கிறது.

எதற்காக இத்தனை பாடு? ஓர் ஆணிக்காக. புது வீட்டுக்குக் குடிவந்த அன்றே கமலம் கூடத்துச் சுவரில் நடுவாக ஓர் ஆணி அடிக்கச் சொன்னார். நாலு பேரும் சேர்ந்து இருக்கிற மாதிரி ஒரு படம், பெரிதாகப் போட்டு மாட்ட வேண்டும் என்பது அவர் ஆசை. வேறு ஆசை எதையும் அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை. படம் வருகிற வரைக்கும் தற்காலிகமாக அந்த ஆணியில் ஒரு சாவிக்கொத்து தொங்குகிறது. தற்காலிகம் என்றால் ஒன்பது வருஷம்.

ஏரிக்கரையில் இறங்கியதும் ரவிச்சந்திரன் ஒரு ஜவுளிக்கடைத் துணிப்பையை நீட்டுவார். எல்லோருடைய போனும் அதற்குள் போய்விட வேண்டும். சட்டைப்பை புடைத்துக்கொண்டு தெரியும், கண் கீழே போகும், கவனம் சிதறும் என்று அவர் காரணம் சொல்வார். பையைக் காரில் வைத்துப் பூட்டிவிடுவார். அடுத்து, மரத்தடியில் இளநீர் வண்டி போட்டிருக்கும் துலுக்கானத்தைப் பார்த்து, "அண்ணே, ஒரு பத்தடி தள்ளிக்குங்க" என்பார். துலுக்கானமும் வருஷா வருஷம் பங்குனி பிறந்ததற்கு அடையாளமாக இதை எடுத்துக்கொண்டு, "இன்னா சார், வந்துகினியா" என்று சிரித்தபடி வண்டியைத் தள்ளிக்கொண்டு போவார். பிறகு, வெளிச்சம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, ஆளில்லாத பெஞ்சை ஒரு படம் எடுப்பார்.

பெஞ்சு முதல் தடவையிலேயே தேறிவிடும்.

அதன் பிறகுதான் ஆட்களை உட்காரவைப்பது. "இயல்பா இருங்க" என்பார். இயல்பாக இருப்பது எப்படி என்று கற்றும் கொடுப்பார். கமலம் முகவாயை ஒரு விரற்கடை இறக்க வேண்டும். அபிஷேக் ஏரியைப் பார்க்க வேண்டும், ஆனால் கண் மட்டும் கேமராவைப் பார்க்க வேண்டும். வர்ஷா ஏதோ சொல்லி எல்லோரும் சிரித்த மாதிரி தெரிய வேண்டும். ஆனால் வர்ஷா எதுவும் சொல்லக் கூடாது. எல்லாம் அமைந்ததும் முக்காலியில் கேமராவைப் பொருத்தி, பத்து விநாடி வைத்து, பொத்தானை அழுத்திவிட்டு ஓடிவந்து பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து, ஓடிவரவே இல்லாத மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார். 'க்ளிக்' என்றதும் எழுந்து திரும்ப ஓடுவார். ஒவ்வொரு முகமாகப் பெரிதாக்கிப் பார்ப்பார். மொத்தம் பதினோரு குறைகள். சின்னப் பட்டியலாக அச்சிட்டுக் கேமராப் பையின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறார். "கண்" என்று சொல்வார், அழிப்பார். "முந்தானை" என்பார், அழிப்பார். சந்தேகமாக இருக்கிறது, வைத்திருந்து பிறகு பார்க்கலாம் என்ற பேச்சே கிடையாது. சிவப்புக் கூடைக்குப் போனது போனதுதான்.

இதில் பெரும்பாலும் மாட்டுகிறவன் அபிஷேக். கேமராவைக் கண்டால் அவனுக்குக் கண் மூடிக்கொள்ளும். பத்தாம் வகுப்பில் தொடங்கிய வழக்கம், பொறியியல் முடித்து வேலைக்குப் போன பிறகும் போகவில்லை. திட்டியும் பார்த்தார், மூன்று எண்ணியும் பார்த்தார், எண்ணாமலும் பார்த்தார். எட்டு வருஷம், எட்டுப் பங்குனி, ஒரு படம் தேறவில்லை. "அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்று ஒவ்வொரு முறையும் காரைக் கிளப்புவார். போன ஆடியில் அபிஷேக்குக் கனடாவில் வேலை கிடைத்தது. போய்விட்டான்.

இந்த வருஷம் பெஞ்சில் மூன்று பேர்தான்.

வர்ஷாவுக்கும் புனேயில் வேலை. அன்று மத்தியானமே ரயில். இரவே பெட்டி கட்டி வைத்துவிட்டாள். விடுதி அறைச் சுவரில் ஒட்டிக்கொள்ள வீட்டுப் படம் ஒன்று வேண்டும், அதனால் இன்றைக்கு எவ்வளவு நேரம் உட்காரச் சொன்னாலும் உட்காருகிறேன் என்று சொல்லியிருந்தாள். சொன்னபடி உட்கார்ந்தாள். தளிர்கள் வெயிலில் மின்னின, ஏரியில் கொக்கு இறங்கியது, ரவிச்சந்திரன் பதின்மூன்று முறை ஓடினார். பதினான்காவது படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். கண்கள் ஆறும் திறந்திருந்தன. முந்தானை சரி. ஏரி நேர். பதினோரு குறையில் ஒன்றுகூட இல்லை.

"தேறிடுச்சு" என்றார்.

ஒன்பது வருஷத்தில் முதல் தடவை. கமலமும் வர்ஷாவும் வந்து எட்டிப்பார்த்தார்கள். படத்தில் மூன்று பேர், ஆதார் அட்டைக்கு எடுக்க உட்கார்ந்த மாதிரி, மூச்சுவிடாமல் இருந்தார்கள். நால்வர் உட்காரும் பெஞ்சில் ஓர் ஆள் இடம் வெறுமையாகக் கிடந்தது. ஆள் இல்லை என்பது அந்தப் பதினோரு குறைகளில் ஒன்று அல்ல என்பதால் ரவிச்சந்திரன் அதைக் கவனிக்கவில்லை. துலுக்கானத்தை வண்டியோடு திரும்பக் கூப்பிட்டு, எல்லோருக்கும் இளநீர் வெட்டச் சொன்னார். அவ்வளவு சந்தோஷம்.

இளநீரைக் குடித்துக்கொண்டே வர்ஷா, இந்தப் படம் இருக்கட்டும், அண்ணனும் சேர்ந்து இருக்கிற பழைய படம் ஒன்று கொடுங்கள், சுவரில் அதைத்தான் ஒட்டப் போகிறேன் என்றாள். ரவிச்சந்திரன் கேமராவை அவள் கையில் கொடுத்தார். ஒன்பது வருஷத்துத் தேறிய படங்களும் அதில் ஒரே இடத்தில் வரிசையாக இருந்தன. வர்ஷா தள்ளத் தொடங்கினாள். பெஞ்சு. புங்கந்தளிர். மறுபடியும் பெஞ்சு, வேறு வருஷம். கொக்கு. கொக்கின் பக்கவாட்டுத் தோற்றம். மேகத்தோடு பெஞ்சு, மேகமில்லாமல் பெஞ்சு. எல்லாம் ஊசிமுனை போல் துல்லியம். அவள் முன்னும் பின்னும் இரண்டு முறை தள்ளிப் பார்த்தாள்.

"நாங்க எங்கப்பா?"

அதெல்லாம் வெளிச்சம் பார்க்க எடுத்தது என்று ரவிச்சந்திரன் பெருமையாகத் தொடங்கினார். நூற்றுக்கணக்கான தடவை பொத்தானை அழுத்திய மனிதருக்கு அந்த நிமிஷம்தான் விளங்கியது, மகனோடு நால்வரும் இருக்கிற படம் உலகத்தில் எங்குமே இல்லை என்று. யார் வீட்டுக் கல்யாண ஆல்பத்திலாவது பந்தியில் குனிந்து சாப்பிடுகிற நாலு தலைகள் இருக்கலாம். அவ்வளவுதான். பெஞ்சு கண்ணை மூடாது, கொக்கு முந்தானை போடாது. அவை தேறின. பெற்ற பிள்ளை தேறவில்லை.

கமலம் இளநீர்க் காயைக் கீழே வைத்தார். அவர் குரல் உயரவில்லை.

"கண்ணு மூடியிருந்தா என்னங்க? பக்கத்துல உக்காந்திருந்தானே."

ரவிச்சந்திரனுக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடப் பயம்தான் அதிகமாக இருந்தது. பதினாறு வயது அபிஷேக்கின் முகத்தை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தார். பெரிதாக்கிப் பார்த்த ஒரு மூடிய கண்தான் வந்தது. மற்றது வரவில்லை. அவர் அப்படியே வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த துலுக்கானம், கத்தியைக் காய்மேல் செருகிவிட்டு, மடியிலிருந்து போனை எடுத்தார். திரையில் கீறல் விழுந்த போன். நெடுநேரம் தேடினார்.

"மூணு வருசம் மின்னாடி ஒண்ணு புட்ச்சேன் சார். ஒரு போட்டோவுக்கு ரெண்டு மணி நேரம் குந்திகினு கீறாங்கன்னு சொன்னா, எங்க ஊட்ல பொண்டாட்டி வேம்புலி நம்ப மாட்டேன்னுச்சு. அத்த நம்ப வைக்கத்தான். தப்பா நெனச்சுக்காத."

ரவிச்சந்திரன் வாங்கிப் பார்த்தார். பத்தடி தள்ளி நின்று எடுத்த படம். கேமராப் பொத்தானை அழுத்திவிட்டு அவரே ஓடிவருகிறார், ஒரு காலில் செருப்பு இல்லை, செருப்பு பின்னால் தனியாகக் கிடக்கிறது. அதைப் பார்த்துக் கமலம் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார். வர்ஷா அண்ணன் தோளில் சாய்ந்து விழுந்து சிரிக்கிறாள். அபிஷேக் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரிக்கிறான்; கண் இரண்டும் மூடியிருக்கிறது. ஒரு மூலையில் துலுக்கானத்தின் கட்டைவிரல், இன்னொரு மூலையில் இளநீர்க் குலை. ஏரி மொத்தமும் ஒரு பக்கமாகச் சாய்ந்து தண்ணீர் கொட்டப்போகிற மாதிரி இருக்கிறது. பழக்கம் விடவில்லை, அவர் விரல் தானாகப் போய்ப் படத்தைப் பெரிதாக்கியது. பதினொன்றில் எட்டுக் குறைகள் இருந்தன. எண்ணி முடித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அண்ணே, இதை எனக்கு அனுப்ப முடியுமா?"

காரைத் திறந்து துணிப்பையிலிருந்து போனை எடுத்து வந்தார்கள். படம் வந்து சேர்ந்தது. ரயிலுக்கு முன்னால் இரண்டு பிரதி போட்டாக வேண்டும் என்று அம்பத்தூரில் ஒரு ஸ்டூடியோவுக்கு ஓடினார்கள். அங்கிருந்த பெண், படம் ரொம்பச் சாய்ந்திருக்கிறது, நேராக்கித் தரட்டுமா என்று கேட்டாள். நேராக்கினால் ஓரம் வெட்டுப்படுமா என்றார் ரவிச்சந்திரன். கொஞ்சம் படும், அந்தக் கடைசியில் இருக்கிறவர் தோள் போகும் என்றாள். அந்தக் கடைசியில் இருக்கிறவன் அபிஷேக்.

"வேண்டாம்மா. இப்படியே குடு" என்றார் ரவிச்சந்திரன்.

சின்னப் பிரதி வர்ஷாவோடு புனேக்குப் போயிற்று. பெரியதைக் கமலம் சட்டம் போட்டு, சாவிக்கொத்தை எடுத்துவிட்டு, அந்த ஆணியில் மாட்டினார். சட்டம் நேராகத் தொங்கியது. ஏரி சாய்ந்து தொங்கியது. ரவிச்சந்திரன் சோபாவில் உட்கார்ந்து பத்து நிமிஷம் பார்த்தார். பிறகு எழுந்து போய்ச் சட்டத்தின் வலது மூலையை இரண்டு விரற்கடை கீழே இறக்கினார். ஏரி நேராயிற்று. ஆய்வு முடிந்தது.

அந்த வீட்டுக்குப் போகிறவர்கள் யாராக இருந்தாலும், தண்ணீர் குடித்துவிட்டு, பேச்சுக்கு நடுவே எழுந்து, "படம் கோணலா இருக்கே" என்று சட்டத்தை நேராக்கிவிடுகிறார்கள். அவர்கள் செருப்புப் போட்டுக்கொண்டு இறங்கிப் போனதும் ரவிச்சந்திரன் எழுந்து மறுபடி சாய்த்து வைக்கிறார்.

நீங்கள் போனால் என்ன செய்வீர்கள்? இதைப் படிக்கும்போதே உங்கள் கை அந்தச் சட்டத்தை நோக்கி நீளுகிறதா? நீண்டால், ஒரு சின்ன விஷயம். போனில் அழித்த படங்கள் உடனே போய்விடுவதில்லையாம். முப்பது நாள் ஒரு கூடையில் கிடக்குமாம். போன ஞாயிறோ அதற்கு முந்திய ஞாயிறோ, கண் மூடியிருக்கிறது, வாய் கோணியிருக்கிறது என்று நீங்களும் யாரையோ அழித்தீர்களே.

இன்றைக்கு எத்தனையாவது நாள்?