போகியன்று பிடுங்கிய கடுகு

சுத்தம் சோறு போடும் என்பார்கள். என் சோற்றில் மண்ணைப் போட்டதே அந்தச் சுத்தம்தான்.

பழவேற்காட்டுக் கோட்டையில் ஒல்லாந்தர் கொடி பறந்த காலம். தோணிரேவுக் குப்பத்தில் எங்கள் குடும்பமே ஏரியில் இடுப்பளவு தண்ணீரில் நின்று, பனையோலைப் பறிக்கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, கையால் தடவி இறால் பிடிக்கும். எனக்கு மட்டும் மார்கழித் தண்ணீர் ஆகாது. (பல் கிடுகிடுவென்று ஆடினால் பறி எங்கே நிற்கும்?)

அதனால் கோட்டைத் துரைசாணியின் தோட்டத்தில் போய் வேலை கேட்டேன். தம் ஊர் விதையை வரவழைத்து முட்டைக்கோஸ் போட்டிருந்தார் அந்த அம்மாள்.

"பொங்கல் அன்றைக்குக் கப்பல் தலைவர் விருந்துக்கு வருகிறார். கோஸில் புழு இல்லை என்றால் வேலை உனக்கு. இருந்தால் ஏரிக்குப் போ" என்றார்.

"தண்ணிக்குப் பயந்து தழையாண்ட போறான் பாரு, தொர!" என்று என்னைப் பெற்ற நைனா சிரித்தார்.

சிரிக்கட்டும். சமையற்கட்டு வாசலில் யாரோ சிந்திய கடுகு முளைத்து, இலையெல்லாம் சல்லடையாகிக் கிடந்தது. ஒட்டினாற்போல் நின்ற கோஸில் ஒரு ஓட்டை இல்லை. அடடே, புழுவுக்குக் கோஸைவிடக் கடுகுதான் ருசி! பாத்தியைச் சுற்றிக் கடுகு விதைத்தேன். புழுக்கள் அங்கேயே பந்தி போட்டு உட்கார்ந்துகொண்டன. கோஸ் பளபளவென்று உருண்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஊரெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்தேன்.

போகி வந்தது. விடிந்தால் விருந்து. ஓட்டையும் கிழிசலுமாக நின்ற கடுகு என் கண்ணை உறுத்தியது. போகியன்று பழையதைக் கழிக்காமல் வைப்பார்களா? அத்தனையையும் பிடுங்கிப் பாத்தியோரம் குவித்து, வந்து கொளுத்திக்கொள்ளலாம் என்று கஞ்சி குடிக்கப் போனேன். திரும்பினால், குவியலிலிருந்து இறங்கிய புழுக்கள் கோஸில் ஏறிக்கொண்டிருந்தன.

ஏரிக்கரைக்கு ஓடினேன். "போச்சு நைனா! எல்லாம் போச்சு!"

"இன்னாடா போச்சு?"

"கடுகைப் புடுங்கிட்டேன்."

"எதுக்குடா?"

"போகியாச்சே!"

"அட அறிவுகெட்டவனே! புழு எங்க போவும்னு நெனச்ச, காசிக்கா?" என்று தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் சித்தப்பாவையும் கூட்டிக்கொண்டு, ஈரத் துணியோடு வந்தார்.

வந்தவர்கள் பறியைப் பல்லில் கடித்தார்கள். பாத்தியில் குனிந்தார்கள். கண்ணால் பார்க்கக்கூட இல்லை. இலைக்கு அடியில் விரலை விட்டுத் தடவி, புழுவை எடுத்துப் பறியில் போட்டுக்கொண்டே போனார்கள். நான் வெறுங்கையோடு பின்னால் நடந்தேன். அந்த நேரம் பார்த்துத் துரைசாணி வந்து நின்றார்.

அவர் கோஸைப் பார்த்தார். நைனாவைப் பார்த்தார். விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு நைனாவிடம், "தோட்டத்தை இனி நீ பார்த்துக்கொள்கிறாயா?" என்று கேட்டார். வாயில் பறி இருந்ததால் நைனாவால் பேச முடியவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். வேண்டாம் என்றுதான் ஆட்டினேன் என்று கடைசிவரை சாதித்தார். ஆனால் மறுநாளே கடுகு விதையோடு கோட்டைக்குப் போய்விட்டார்.

நான் ஏரியில் இறங்கினேன். பல் ஆடியது கொஞ்ச நாள்தான். இன்று எனக்கு இந்தத் தண்ணீரை விட்டால் வேறெங்கும் பொருந்தாது; சந்தோஷமாகத்தான் இருக்கிறேன். போகியன்று மட்டும் என் வீட்டில் எனக்கு மரியாதை கிடையாது. ஒரு கிழிந்த பாயைத் தூக்கினால் போதும், என் மகள் வழிமறித்துக் கேட்பாள்:

"நைனா, இது பழசா, கடுகா?"