மதுபானம் தவிர்ந்த எந்தத் திரவமும்

மடியில் கிடந்த பவர் பேங்க் சுடத் தொடங்கியதை நல்லரத்தினம் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் விமானப் பணிப்பெண் ஓடி வருவாள். வந்தால் அவருடைய காலடியில் இருக்கிற பையை இழுத்துத் தள்ளிவைப்பாள். அந்தப் பைக்குள் ஒரு நெல்லி கிறஷ் பானப் போத்தல் இருந்தது. போத்தலுக்குள் நெல்லி கிறஷ் இருக்கவில்லை.

ஆரையம்பதி நல்லரத்தினம் என்றால் மட்டக்களப்பில் தெரியாதவர்கள் குறைவு. மது ஒழிப்பு மன்றத்தின் தலைவர். முதல் நாள்தான் கொழும்பில் ஒரு பெரிய மண்டபத்தில் அவருக்கு ‘மது ஒழிப்புச் செம்மல்’ என்று பட்டம் கொடுத்துப் பொன்னாடை போர்த்தி, ஒரு கேடயமும் பரிசுப் பையும் கையில் திணித்து அனுப்பியிருந்தார்கள். பவர் பேங்க் அந்தப் பரிசுப் பையில் வந்ததுதான். விழாப் படங்களை பேஸ்புக்கில் ஏற்றுவதற்காக அதில் இரண்டு போன்களைக் கொளுவியிருந்தார். மட்டக்களப்பு விமான நிலையத்தில் பாண்ட் வாத்தியமும் மாலையும் காத்திருந்தன. அவருடைய மனைவி அகீலா ஆரத்தித் தட்டோடு நின்றாள். இவர் குடியை விட்டுப் பல வருடமாகிவிட்டது என்று உண்மையாகவே நம்புகிற ஒரே ஆள் அவள்தான். அந்த நம்பிக்கைக்கு ஒன்று நடந்தால் வீட்டுக்குள் கால் வைக்க முடியாது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். வீடு அகீலாவின் சீதனம்.

அது ஒரு சின்ன விமானம். மன்றத்துக்காகவே பிடித்தது. விருது வாங்கினால் தாகம் கூடும் போலிருக்கிறது. கொழும்புக்குப் பக்கத்து இரத்மலானை விமான நிலையத்தில் ஏறியதிலிருந்து மன்றத்தார் மாறி மாறித் தண்ணீர் கேட்டார்கள். பணிப்பெண் கஜானி போத்தல் போத்தலாகக் கொண்டுவந்து கொடுத்தாள். சிலர் வெறும் கப்பும் கேட்டு வாங்கினார்கள்.

தண்ணீர் கேட்காத ஒரே ஆள் கடைசி இருக்கையில் இருந்த பற்றிக். கல்லடியில் ஐஸ் தொழிற்சாலை வைத்திருக்கிறவர். விமானத்துக்குக் காசு கட்டியவரும் அவர்தான். ஊரறிந்த குடிகாரர் என்பதால் மன்றம் அவருடைய காசை ஏற்றுக்கொண்டது, அவரை ஏற்றுக்கொள்ளவில்லை. படத்தில் விழாத இடமாகப் பார்த்து அவரை உட்கார வைத்திருந்தார்கள். அவரோ வெட்கமே இல்லாமல், லேபல் வெளியே தெரிய, ஒரு முழுச் சாராயப் போத்தலை மடியில் வைத்துக்கொண்டு அடிக்கடி வாயில் வைத்தார்.

“பாருங்க தலைவர், கலக்காமலே குடிக்கிறான்” என்றார் பக்கத்து இருக்கையில் இருந்த பொருளாளர் ஜெயரூபன்.

“ஈரல் வெந்துபோகும்” என்றார் நல்லரத்தினம். அதற்குள் மடியில் அவருக்கே வேகத் தொடங்கிவிட்டது.

பவர் பேங்க் வயிறு ஊதிக்கொண்டு வந்தது. கருகல் மணம் எழுந்தது. நல்லரத்தினம் போன்களைக் கழற்றினார். மணத்தை அடக்குவதற்காகத் தோளில் கிடந்த பொன்னாடையை எடுத்து அதை இறுக்கிச் சுற்றினார். காரியம் முடிந்தது என்று அவர் மூச்சு விடுவதற்குள் பொன்னாடைக்குள்ளிருந்து புகை வந்தது. பொன்னாடை பளபளப்பான நைலோன் துணி. பொக்கென்று பிடித்துக்கொண்டது.

“ஐயோ!” என்று அவர் அதை நடுவழியில் வீசினார்.

கஜானி ஒரு சிவப்புச் சிலிண்டரோடு ஓடி வந்து வாயுவைப் பீச்சினாள். நெருப்பு நொடியில் அணைந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். நல்லரத்தினம் எழுந்து தொண்டையைச் செருமினார்.

“இந்த இக்கட்டான வேளையிலே தங்கச்சி கஜானி அவர்கள் ஆற்றிய அரும்பணிக்கு எமது மன்றத்தின் சார்பிலே…”

பவர் பேங்க் சீறிக்கொண்டு மறுபடியும் எரிந்தது. கஜானி மறுபடியும் பீச்சினாள். அணைந்தது. ஆனால் புகை நிற்கவில்லை.

“அணைஞ்சிட்டுதானே புள்ள, மறுகா என்ன?” என்றார் நல்லரத்தினம்.

“வாயு நெருப்பைத்தான் சேர் அணைக்கும். சூடு உள்ளுக்குள்ள அப்படியே கிடக்கும். பற்றறியில ஒரு செல் எரிஞ்சா அந்தச் சூட்டில மற்றச் செல்லும் பத்தும். தண்ணி ஊத்திக் குளிராக்கினாத்தான் நிக்கும்.”

“அப்ப ஊத்துங்கவன்!”

“எங்க சேர் தண்ணி? இருந்ததெல்லாத்தையும் நீங்க எல்லாருமா வாங்கி முடிச்சிட்டீங்களே.”

எல்லாரும் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார்கள். வெளியே வடிவான மேகங்கள் இருந்தன.

ஜெயரூபன் தன் கப்பை நீட்டினார். “இதுக்குள்ள ஐஸ் கட்டி கிடக்கு. போடட்டா?”

“ஐஸ் கூடாது சேர். மேல மூடிக்கொண்டு சூட்டை வெளிய போக விடாது.” கஜானி எல்லாருக்கும் கேட்கும்படி குரலை உயர்த்தினாள். “ஆரிட்டயும் குடிக்கிற சாமான் ஏதும் கிடக்கா? சோடா, ஜூஸ், தேத்தண்ணி, எது எண்டாலும் பறவாயில்ல. மதுபானம் மட்டும் கூடாது.”

மன்றத்தின் வரலாற்றில் அப்படியொரு அமைதி நிலவியதே இல்லை. வருடாந்தக் கணக்கறிக்கை வாசிக்கும்போதுகூட.

கடைசி இருக்கையிலிருந்து பற்றிக் எழும்பி வந்தார். கையில் அந்தப் போத்தல். “தங்கச்சி, இத ஊத்தட்டா?”

“ஐயோ அண்ணன், சாராயம்! கிட்டக் கொண்டு வராதீங்க!” கஜானி இரண்டு கையாலும் மறித்தாள்.

“இல்ல தங்கச்சி, இது வந்து…”

“பற்றிக்!” நல்லரத்தினத்துக்கு இது பழகிய வேலை. மேடைக் குரல் தானாக வந்தது. “குடி குடியைக் கெடுக்கும் எண்டு எத்தன மேடையில சொன்ன நான்! குடிச்சது போதாதெண்டு பிளேனையும் கொளுத்தப் போறீங்களா? போய் இரிங்க!”

பற்றிக் ஏதோ சொல்ல வாயெடுத்து, நல்லரத்தினத்தின் முகத்தைப் பார்த்துவிட்டு, சொல்லாமலே திரும்பிப் போனார்.

உப தலைவி சீதேவிப்பிள்ளை டீச்சர் ஒரு வழியாக வாயைத் திறந்தார். “ஏன், நம்மட பொருளாளரிட்டத் தீர்த்தம் கிடக்கே. ஒரு போத்தல் நிறைய.”

ஜெயரூபன் அந்தப் பிளாஸ்டிக் போத்தலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். “டீச்சர், நீங்களே இப்படிச் சொல்லலாமா? தீர்த்தத்த மனிசர் மிதிக்கிற இடத்தில ஊத்துறதா? குலம் விளங்குமா? உங்கட பிளாஸ்கில மல்லித்தண்ணிதானே. அத ஊத்துங்க.”

“அது மருந்து. எனக்கு வாய்வு. நேரத்துக்கு உள்ள போகாட்டி மயக்கம் வந்திரும்.” டீச்சர் பிளாஸ்கை முந்தானைக்குள் நகர்த்தினார். “தலைவரிட்ட நெல்லி கிறஷ் கிடக்கு. ஏறக்குள்ளயே கண்டனான்.”

எல்லாக் கண்களும் நல்லரத்தினத்தின் காலடிக்கு வந்தன.

“அது… அது அகீலாவுக்கு. அவவுக்குப் பித்தம். கொழும்பு நெல்லி கிறஷ்தான் வேணும் எண்டு ஒற்றைக் காலில நிண்டவ.”

“சேர், வேற வாங்கிக் குடுக்கலாம்” என்று சொல்லிக்கொண்டே கஜானி குனிந்து பையிலிருந்து போத்தலை எடுத்தாள். நல்லரத்தினம் அடிப்பக்கத்தைப் பிடித்தார். அவள் கழுத்துப் பக்கத்தைப் பிடித்தாள். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் கயிறிழுத்தல் போட்டியில் நிற்பதுபோல நின்றார்கள்.

ஒலிபெருக்கியில் விமானியின் குரல் வந்தது. “கஜானி, புகை இஞ்ச வருது. இறங்க இன்னும் கொஞ்சம் கிடக்கு. எப்பிடியாவது அடக்கி வையும்.”

பவர் பேங்க் டப்பென்று வெடித்து இன்னொரு செல் பிடித்தது. கஜானி சிலிண்டரை அமுக்கினாள். இந்த முறை அது நெருப்பை அடக்கிவிட்டுத் தானும் அடங்கிவிட்டது. நல்லரத்தினம் போத்தலை விட்டுவிட்டார். கீழே வாவி தெரிந்தது. கல்லடிப் பாலம் தெரிந்தது. பாலத்துக்கு அங்கால் பாண்ட் வாத்தியமும் அகீலாவும். அவருக்கு அழுகை வந்தது. ஊத்தினால் விமானம் எரியும். ஊத்தவிடாமல் தடுத்தால் மானம் எரியும். செத்தால் செம்மலாகச் சாகலாம் என்று ஒரு எண்ணம் வந்தது. அந்த எண்ணம் அதிக நேரம் நிற்கவில்லை.

கஜானி மூடியைத் திருகிப் போத்தலைச் சரித்தாள்.

“ஊத்தாத புள்ள!” என்று அலறினார். “சாராயம்! அது சாராயம்!”

கஜானி சட்டென்று போத்தலை நிமிர்த்தினாள்.

“தலைவர் அவர்களே!” சீதேவிப்பிள்ளை டீச்சர் நெஞ்சில் கை வைத்தார். “நீங்களா? நேற்றுத்தானே கண்ணீர் விட்டுப் பேசினீங்க! நாங்க இனி எந்த முகத்தோட…”

“டீச்சர், பிளாஸ்கத் தாங்க” என்று கஜானி கையை நீட்டினாள். டீச்சரின் பேச்சு அந்த இடத்திலேயே நின்றது.

“அது பிரண்டி” என்றார் தரையைப் பார்த்தபடி. “கொஞ்சம்தான். வாய்வுக்கு.”

கஜானி ஜெயரூபன் பக்கம் திரும்பினாள். அவள் கேட்கும் முன்பே அவர் சொல்லிவிட்டார். “வொட்கா. ஆனாப் போத்தல் தீர்த்தப் போத்தல்தான். அதில பொய் இல்ல.”

பின் இருக்கைகளில் இருந்த அங்கத்தவர்கள் தங்கள் சோடாப் போத்தல்களையும் தேத்தண்ணிப் பிளாஸ்குகளையும் ஒவ்வொன்றாக இருக்கைக்கு அடியில் தள்ளினார்கள். கஜானி அவர்களிடம் கேட்கவே இல்லை. கேட்க வேண்டிய அவசியம் முகங்களைப் பார்த்ததிலேயே தீர்ந்துவிட்டது.

“ஒரு பிளேன் நிறைய மது ஒழிப்பு மன்றம்!” என்றாள். “ஒருத்தரிட்டயும் ஒரு மிடறு தண்ணி இல்ல!”

நல்லரத்தினம் வியர்வையைத் துடைத்தார். என்ன இருந்தாலும் தலைமைப் பண்பு என்று ஒன்று இருக்கிறது. “அன்பான அங்கத்தவர்களே, இஞ்ச நடந்தது ஒண்டும் கூட்டக் குறிப்பில வரக்கூடாது எண்டு நான் பிரேரிக்கிறன்.”

“வழிமொழிகிறேன்” என்றார் டீச்சர்.

“ஏகமனதாக…” என்று ஜெயரூபன் தொடங்கினார். நடுவழியில் கிடந்தது அதற்கு உடன்படவில்லை. உஸ்ஸென்று ஒரு சீறல், நீளமாக ஒரு சுவாலை, கம்பளத்தின் ஓரம் கருகத் தொடங்கியது. டீச்சர் பிள்ளையாரைக் கூப்பிட்டார். ஜெயரூபன் இருக்கைமேல் ஏறி நின்றார்.

அப்போது பற்றிக் மறுபடியும் வந்தார். இந்த முறை யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. போத்தலின் மூடியைக் கழற்றி எறிந்துவிட்டு நேராக நெருப்பிடம் போனார்.

“பிடிங்க அவன! எங்கள எரிக்கப் போறான்!”

“அண்ணன், வேணாம்!”

பிடிக்க ஒருவருக்கும் துணிவு வரவில்லை. எல்லாரும் தலையைக் குனிந்து காதைப் பொத்திக்கொண்டார்கள். நல்லரத்தினம் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு அகீலாவிடம் மன்னிப்புக் கேட்டார். ஏழு பிறப்புக்கும் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்தார். பிறகு கொஞ்சம் யோசித்து, அதை இந்தப் பிறப்போடு நிறுத்திக்கொண்டார்.

சொய்ங் என்று ஒரு சத்தம் கேட்டது. பெரிய வெடிப்பு ஒன்றையும் காணவில்லை. கண்ணைத் திறந்தார். நடுவழியில் வெள்ளையாக ஆவி எழும்பியது. பற்றிக் முழங்காலில் இருந்து, வீட்டில் பூச்சாடிக்கு ஊற்றுகிறவர்போல நிதானமாக ஊற்றிக்கொண்டிருந்தார். பவர் பேங்க் இரண்டு மூன்று முறை முனகியது. பிறகு அடங்கியது. அவர் போத்தலின் கடைசிச் சொட்டுவரை ஊற்றி முடித்தார்.

கஜானி மெல்லக் குனிந்து ஈரத்தைத் தொட்டு மணந்து பார்த்தாள். அவள் கண் விரிந்தது. “அண்ணன், சாராய மணமே இல்லையே!”

“எப்பிடித் தங்கச்சி இரிக்கும்?” பற்றிக் வெட்கத்தோடு தலையைச் சொறிந்தார். “பைப்பில பிடிச்ச வெறும் தண்ணி.”

விமானம் தாழ்ந்து ஓடுபாதையைத் தொட்டது. பாண்ட் வாத்தியச் சத்தம் கேட்டது. கூட்டத்தின் முன்னால் அகீலா ஆரத்தித் தட்டோடு நின்றாள். கஜானியின் கையில் நெல்லி கிறஷ் போத்தல் இன்னும் திறந்தபடியே இருந்தது. நல்லரத்தினத்துக்குப் பழக்க தோஷத்தில் கோபம் வந்தது.

“பச்சத் தண்ணிய வச்சுக்கொண்டு ஏன் பற்றிக் இவ்வளவு நேரமும் எங்களச் சாகக் குடுத்தீங்க? தண்ணிக்கு ஏன் சாராயப் போத்தல்?”

பற்றிக் வெறும் போத்தலைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் தயங்கினார்.

“போன தவக்காலத்தோட குடிய விட்டிட்டன் ஐயா. தெரிஞ்சா பிடிச்சு உங்கட மன்றத்தில சேத்துப்போடுவீங்க எண்ட பயத்திலதான் இந்தப் போத்தலக் காவிக்கொண்டு திரியிறன்.”