இரு குரல்கள், நடுவில் நீங்கள்

"போகவே கூடாது" என்று சாவிக்காரர் சொன்னபோது கடையில் மூன்று பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவர் செத்து இரண்டாயிரத்துச் சொச்சம் வருடம் ஆகிவிட்டது.

செத்தவர் ஒரு கிரேக்கக் கிழவர். சாவிக்காரரின் இடது காதில் இருந்தார். "நண்பரே, நல்ல மாலுமி ஒருவன் நடுக்கடலில் கப்பலை விட்டு இறங்கிப் போகலாமா?" என்று கேட்டுவிட்டு, வழக்கம்போல் பதிலுக்காகக் காத்திருந்தார்.

இரண்டாவது ஆள் சாவிக்காரரின் மனைவி. கடைக்கும் வீட்டுக்கும் நடுவே தொங்கும் திரையை விலக்கிக்கொண்டு பின்னால் நின்றாள். சாவி அறுக்கும் இயந்திரம் ஓடிய சத்தத்தில் அவள் கேட்டது அவர் காதில் விழவில்லை. அவள் கேட்டது இது:

"ஏங்க, ஞாயித்துக்கிழமை அண்ணன் வந்து அப்பாவக் கூட்டிட்டுப் போறேங்கறார். போகட்டுமா?"

"போகவே கூடாது."

அழுத்தம் திருத்தமாகச் சொன்னார். கிழவருக்கு எப்போதும் அப்படித்தான் பதில் சொல்வார். திரும்பிப் பார்த்தபோது மனைவி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல. உங்களப் போய் என்னென்னமோ நெனச்சிருந்தேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். ஐந்து நிமிடத்தில் டீ வந்தது. கூட பிஸ்கட்டும் வந்தது. சாவிக்காரர் பிஸ்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிஸ்கட் காரணமில்லாமல் வருகிற வீடு அல்ல அது.

ஞாயிற்றுக்கிழமை மைத்துனர் வந்து மாமனாரைக் கூட்டிப்போகக்கூடும் என்று வீட்டில் முன்பே பேச்சு அடிபட்டிருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமைக்காக அவர் ஆறு வருடம் காத்திருந்தார்.

மாமனார் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். எதிரே உட்கார்ந்தவரையெல்லாம் முப்பத்தைந்து வருடம் சந்தேகப்பட்டே சம்பளம் வாங்கியவர். ஓய்வுக்குப் பிறகு சம்பளம் மட்டும்தான் நின்றது. காலை ஒன்பது மணிக்குக் கம்பளித் தொப்பியைக் காது வரை இழுத்துவிட்டுக்கொண்டு கடை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால், வருகிறவரை மேலும் கீழும் பார்ப்பார். "இது உங்க வீட்டுச் சாவிதானா? என்ன ஆதாரம்?" என்பார். சாவி வாங்கிப் போகிறவரிடம், "எதுக்கும் ரெண்டு நாள் கழிச்சு வந்து சொல்லுங்க, சேராது" என்பார். போதாததற்கு வலது காது மந்தம். யார் என்ன சமாதானம் சொன்னாலும் அவருக்குப் போய்ச் சேராது.

சாவிக்காரர் எதிர்த்துப் பேசுகிற ஆள் அல்ல. அவருக்கு என்று ஒரு அபிப்பிராயம் இருக்கக்கூடும் என்றே யாருக்கும் தோன்றியதில்லை, அவர் உட்பட. அதனால்தான் கிழவரை அவருக்கு அவ்வளவு பிடித்துப்போனது.

இரண்டு வாரத்துக்கு முன்னால் துப்பறியும் கதை கேட்கலாம் என்று செல்போனில் தேடியபோது விரல் தவறி இந்த ஆடியோ புத்தகத்தில் பட்டுவிட்டது. 'பண்டைய கிரேக்க உரையாடல்கள். இரு குரல்கள், நடுவில் நீங்கள்' என்று போட்டிருந்தது. வாடிக்கையாளர் பேச்சைக் கேட்க ஒரு காது வேண்டும் என்பதால் வயரில்லாத இயர்போன் ஜோடியில் ஒன்றை இடது காதில் மட்டும் மாட்டினார். கிழவர் செருப்பு தைப்பவனைப் பற்றிக் கேட்டார், குயவனைப் பற்றிக் கேட்டார். ஒவ்வொரு கேள்விக்குப் பின்னும் பதில் சொல்ல இடம் விட்டார். அந்த மௌனத்தில், இயந்திரத்தின் முன்னால், சாவிக்காரருக்கு விஷயம் புரிந்தது. இரண்டு குரலில் ஒன்று கிழவருடையது. இன்னொன்று தன்னுடையது.

"ஆமாம்" என்றார் கூச்சத்துடன்.

கிழவர் சந்தோஷமாக அடுத்த கேள்விக்குப் போனார்.

ஒரே ஒரு முறை வலது காதுக்கான இயர்போனையும் எடுத்து மாட்டிப் பார்த்தார். கிழவர் அப்போது ஒரு நீளமான கதையில் இருந்தார்; ஒரு நிமிடம் ஆகியும் வலது காதில் ஒரு சத்தமும் இல்லை. "இது செத்துப்போச்சு" என்று டப்பாவிலேயே திருப்பி வைத்துவிட்டார். சாவிகளில் அடையாளப் புள்ளி வைக்கிற நீலப் பெயிண்ட் அதன் மேல் ஒரு பொட்டு சிந்தியிருந்தது. பெயிண்ட் உள்ளே இறங்கியிருக்கும் என்று நினைத்துக்கொண்டார். டப்பா திரைக்குப் பக்கத்து அலமாரியில், மாமனாரின் மாத்திரைகளுக்கு நடுவே கிடந்தது.

இன்னொரு அதிசயமும் அதே சமயத்தில் நடந்தது. மைத்துனர் அனுப்பிய காது மெஷின் வந்த மறுநாளிலிருந்து மாமனார் மாறிவிட்டார். நாற்காலியில் உட்கார்ந்து, "இந்தத் தெருவுல எவனுக்கும் வண்டி ஓட்டத் தெரியல" என்பார். தலையை லேசாகச் சாய்ப்பார். முகம் மலரும். "அதானே" என்று தானே சொல்லிக்கொண்டு தெருவைப் பார்த்துப் புன்னகைப்பார். பீரோ சாவிக்கு வந்த பள்ளிக்கூட டீச்சரிடம் ஆதாரம் கேட்கவில்லை. உட்காரச் சொன்னார்.

"உங்க மாமனாருக்கு என்ன குடுத்தீங்க?" என்று டீச்சர் ரகசியமாகக் கேட்டார்.

"காது கேக்குதுங்க. அவ்வளவுதான்."

ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமைதான். ஆறு வருட ஏக்கத்தை இரண்டு வாரப் புன்னகை அழித்துவிடாது. டீயைக் குடித்து முடித்துவிட்டு உள்ளே போனார்.

"இந்தா, அண்ணன் ஏதாவது சொன்னாரா?"

"உங்ககிட்டதான் கேட்டேனே. போகவே கூடாதுன்னுட்டீங்களே."

சாவிக்காரர் கையிலிருந்த டம்ளரை அவசரமாகக் கீழே வைத்தார். "அது உன்கிட்ட சொல்லல."

"பின்ன யார்கிட்ட?"

"ஒரு கிழவர்கிட்ட."

மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். "அப்பாகிட்ட நேராவே சொல்லிட்டீங்களா?"

"ஐயோ, அந்தக் கிழவர் இல்ல. இவரு கிரேக்கர்."

"எங்கப்பா வாயாடிதான். அதுக்காகக் கிரேக்கர்னு பட்டப்பேரா வைக்கறது?" என்று சிரித்தபடியே வாசலுக்குப் போய்விட்டாள். அவள் அப்பாவின் இடது காதருகே குனிந்து ஏதோ சொன்னதையும், மாமனார் திரும்பித் தன்னைப் பார்த்ததையும் சாவிக்காரர் திரை இடுக்கு வழியாகப் பார்த்தார். அந்தப் பார்வையில் சந்தேகம் துளியும் இல்லை. அதுதான் அவரைப் பயமுறுத்தியது.

வெள்ளிக்கிழமை அவரே மைத்துனரைச் செல்போனில் கூப்பிட்டார். கவனமாகக் காதிலிருந்து கிழவரைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் பேசினார்.

"மச்சான், ஞாயித்துக்கிழமை நீங்க கண்டிப்பா வரணும்."

"தங்கச்சி எல்லாம் சொல்லிச்சு மாப்ளே. இந்தக் காலத்துல யார் இப்படி இருக்கா?"

"அதில்ல மச்சான். நீங்க வாங்க. வண்டி எடுத்துட்டு வாங்க. பெரிய வண்டியா."

இதைவிடத் தெளிவாக ஒரு மனிதன் சொல்ல முடியாது என்று அவர் நினைத்தார்.  மைத்துனர் சொன்னார்:

"புரியுது மாப்ளே. அப்பாவோட கட்டில், பீரோ, ஆளுயரக் கண்ணாடி எல்லாம் இங்கதான் கெடக்கு. கொண்டு வந்து எறக்கிடறேன். நானே கேக்கலாம்னுதான் இருந்தேன், வாய் வரல."

சாவிக்காரர் செல்போனை வைத்துவிட்டு வெகுநேரம் ஒரு பித்தளைச் சாவியை அரத்தால் தேய்த்தார். தேய்த்துத் தேய்த்து அது எந்தப் பூட்டுக்கும் சேராத சாவி ஆனது.

இனி ஒரே வழிதான். கிழவரின் வழி. கிழவர் யாரையும் 'இதைச் செய்' என்று சொல்வதில்லை. கேள்வியாகக் கேட்டுக்கொண்டே போவார். கடைசியில் எதிராளியே வந்து சேர வேண்டிய இடத்துக்கு வந்து சேருவான். மாமனாரையும் அப்படியே மகன் வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்திவிடலாம்.

சனிக்கிழமை மதியம், கடையில் ஆள் இல்லாத நேரம். கிழவரைக் காதில் ஓடவிட்டு, ஸ்டூலை இழுத்து மாமனாரின் இடது பக்கம் போட்டு உட்கார்ந்தார். கிழவர் கேட்கக் கேட்க, வீட்டு நிலவரத்துக்கு மாற்றிக் கேட்பது என்று திட்டம்.

"நோயாளிக்கு எது நல்லது என்று மருத்துவனே அறிவான் அல்லவா?" என்றார் கிழவர்.

"மாமா, ஒருத்தருக்கு எது நல்லதுன்னு நெருங்கினவங்களுக்குத்தான் தெரியும். இல்லையா?"

மாமனார் தலையைச் சாய்த்து யோசித்தார். "முற்றிலும் உண்மை" என்றார். "வேறு எப்படி இருக்க முடியும்?"

சாவிக்காரருக்கு மெய்சிலிர்த்தது. வேலை செய்கிறது. ஆள் பேசுகிற தினுசே மாறிவிட்டது.

"அப்போ, பெத்த புள்ளையவிட நெருங்கினவங்க உண்டா?"

"உண்டு."

சாவிக்காரர் தடுமாறினார். கிழவரிடம் யாரும் 'உண்டு' என்று சொன்னதாக அவருக்கு நினைவில்லை.

"யாரு மாமா?"

"பக்கத்துல இருக்கறவங்க. என் புள்ள பொங்கிப் பொங்கிப் பேசுவான், வருஷத்துக்கு ரெண்டு தடவ வருவான். நீங்க பேசவே மாட்டீங்க, ஆனா இங்கயே இருக்கீங்க."

இதற்கு என்ன கேட்பது என்று காதைக் கூர்மையாக்கினார். கிழவர் அதற்குள் குதிரைக்குப் போய்விட்டார்.

"மாமா, குதிரைய யார்கிட்ட விடணும்? அதப் பழக்கத் தெரிஞ்சவன்கிட்டதானே?"

"எந்தக் குதிரை?"

"சும்மா ஒரு குதிரை."

மாமனார் அவர் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தார். பிறகு மறுபடி தலையைச் சாய்த்தார், யாரோ சொல்வதைக் கேட்பதுபோல. முகம் தெளிந்தது.

"நீங்க சுத்தி வளைச்சு எங்க வர்றீங்கன்னு தெரியுது மாப்ளே. பழகின எடத்த விட்டுக் குதிரைய மாத்தக்கூடாதுங்கறீங்க. ஒத்துக்கறேன். எங்கயும் போகல."

கிழவரின் கேள்விகளில் எதிராளி வந்து விழுகிற குழி ஒன்று எப்போதும் இருக்கும். அதில் கேட்டவனே விழுந்த கதை இதுவாகத்தான் இருக்கும். சாவிக்காரர் எழுந்து ஸ்டூலை இருந்த இடத்தில் வைத்தார்.

ஞாயிறு காலை பெரிய வண்டியே வந்தது. கட்டில், பீரோ, ஆளுயரக் கண்ணாடி. மைத்துனர் முன் சீட்டிலிருந்து இறங்கினார். சாவிக்காரர் இடது காதில் கிழவரை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். அன்றைக்கு அவருக்குத் துணை வேண்டியிருந்தது.

பீரோவின் கயிற்றை அவிழ்க்கப் போன மைத்துனர் பாதியில் நிறுத்தினார். வந்து சாவிக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வழியெல்லாம் யோசிச்சேன் மாப்ளே. பெத்த புள்ள நான் இருக்கும்போது மருமகன் தலையில கட்டறேன்னா அசிங்கம். இத எறக்க வேணாம். அப்பாவையும் ஏத்திக்கிட்டே போயிடறேன். நீங்க தடுக்கக்கூடாது."

சாவிக்காரர் தடுக்கவில்லை. வாசல் நாற்காலியைப் பார்த்தார். அது காலியாக இருந்தால் கடை எப்படி இருக்கும் என்று பார்த்தார். டீச்சர் வந்தால் யார் உட்காரச் சொல்வார்கள் என்று ஒரு கணம் தோன்றியது. அப்புறம் ஆறு வருடம் நினைவுக்கு வந்தது. சந்தோஷம் வந்தது. கொஞ்சம் தாமதமாக வந்தது, அவ்வளவுதான்.

"உங்க இஷ்டம் மச்சான்" என்றார்.

"ஏங்க" என்றாள் மனைவி, திரையருகிலிருந்து.

"பெத்த புள்ள கேக்கறார். நான் என்ன சொல்ல?"

"நீங்கள் நடக்கும் வழி சரியானதுதானா என்று ஒருமுறை சோதித்துப் பார்க்க வேண்டாமா?" என்று காதுக்குள் கிழவர் கேட்டுவிட்டு, இடம் விட்டார். அன்றைக்கு முதல்முறையாகச் சாவிக்காரர் அவருக்குப் பதில் சொல்லவில்லை.

மைத்துனர் நாற்காலிக்கு முன்னால் போய் நின்றார். "அப்பா, கெளம்புங்க. நான் வாங்கிக் குடுத்த மெஷினப் போட்டுட்டு இப்ப எல்லாம் நல்லாக் கேக்குதாமே. இனிமே நம்ம வீட்லயே இருந்துடலாம்."

மாமனார் அசையவில்லை. நிதானமாகக் கம்பளித் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். வலது காதிலிருந்து வெள்ளையாக ஒன்றைப் பிடுங்கி, உள்ளங்கையில் வைத்து மகனிடம் நீட்டினார். அதன் மேல் நீலப் பெயிண்ட் ஒரு பொட்டு இருந்தது.

"நீ வாங்கிக் குடுத்தது விசில் அடிக்குதுடா, அது மாத்திர டப்பால கெடக்கு. இது மாப்பிள்ள எனக்காக அலமாரில வாங்கி வச்ச மெஷின், இதுக்குள்ள ஒருத்தன் இருக்கான், நான் எதச் சொன்னாலும் 'ஆமாம் ஐயா, முற்றிலும் உண்மை, வேறு எப்படி இருக்க முடியும்'ங்கறான், உன் வீட்ல அப்படிச் சொல்ல யார்ரா இருக்கா?"